குலுக்கலில் போன பெட்டி

பணி ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியனை, நான்கு பேர் கூடுகிற எந்த இடத்திலும் செயலாளராக்கிவிடுவார்கள். கோயில் நிர்வாகத்தில் ஆக்கினார்கள். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் ஆக்கினார்கள். புதிர்ப் பொருள் சேகரிப்பவர்களின் குழுவில் மட்டும் என்னைச் சும்மா விடுவார்கள் என்று எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

எங்கள் குழு மாதம் ஒருமுறை பிரிக்ஃபீல்ட்சில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடும். ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் மரக்கட்டைகள், பிரிக்கவே முடியாது என்று தோன்றும்படி கோத்த கம்பி வளையங்கள், மூடி எந்தப் பக்கம் என்றே தெரியாத பெட்டிகள், இவைதான் நாங்கள் சேகரிப்பவை. அவரவர் வீட்டில் இவற்றுக்கு விளையாட்டுச் சாமான் என்று பெயர். கீழே சாம்பார் கொதிக்கும் வாசனை படியேறி வரும். மேலே நரைத்த தலைகள் குனிந்து, ஒரு துண்டு மரத்தை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருக்கும். ஒருவர் தடுமாறும்போது இன்னொருவர் விடை சொல்லக் கூடாது. எங்களிடம் இருந்த ஒரே நாகரிகம் அதுதான்.

நான் வேலை பார்த்தது டெண்டர் பிரிவில். டெண்டர் பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு அதிகாரி. இருவரும் ஒருவரையொருவர் நம்பக் கூடாது என்பது அரசாங்கத்தின் எதிர்பார்ப்பு; அதை நாங்கள் குறைவில்லாமல் நிறைவேற்றினோம். உறையின் ஒட்டு, சாட்சியின் கையெழுத்து, திறந்த நேரம், திறந்த கை, எல்லாவற்றுக்கும் விதி உண்டு. விதியைத் தெரிந்துகொண்டவனை ஏமாற்றுவது கஷ்டம் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழுவுக்கும் நான்தான் விதி எழுதினேன். அதற்குக் காரணம் ஒரு சண்டை. உறுப்பினர் ஒருவர் காலமானபோது அவருடைய சேகரிப்பை அவர் குடும்பம் குழுவிடம் கொடுத்தது. யாருக்கு எது என்பதில் ஆரம்பித்து, யார் அவருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதில் போய் முடிந்தது. நெருக்கத்தை அளக்கக் கருவி கிடையாது. குழு இரண்டாக உடைந்தது. ஒரு பகுதி இப்போது பெட்டாலிங் ஜெயாவில் கூடுகிறது. கல்யாண வீட்டில் பார்த்தால் அவர்கள் வேறு பந்தியில் உட்காருவார்கள். அதற்குப் பிறகு நான் எழுதிய விதி இது: குழுவுக்கு வரும் எந்தப் பொருளும் எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவான குலுக்கலில்தான் போகும், விதிவிலக்கு இல்லை. எல்லாரும் கை தூக்கினார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது.

குலுக்கலுக்குச் சீட்டு எழுதிப் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. காகிதம் எங்கள் ஆட்களுக்குக் கேவலம். குழுவில் சேரும்போது ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய மரத்தில் ஒரு துண்டு கொண்டுவர வேண்டும். அதை ஒரே அளவில் அறுத்து, ஒரு முனையில் பெயரைச் சுட்டுப் பொறித்து, பையில் போடுவோம். புதிதாக ஒரு புதிர் வந்தால் முதலில் யார் கையில் எடுப்பது என்பதை அந்தப் பைதான் தீர்மானிக்கும். ஒருவர் கேரி தீவுத் தோட்டத்தில் தான் பிறந்த வீட்டின் கதவுச் சட்டத்திலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்தார். இன்னொருவர் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டையிலிருந்து. என்னுடையது, அலுவலகம் இடம் மாறியபோது தூக்கிப் போட்ட மேசையின் கால். மரத்தில் இத்தனை பெருமை கொண்டாடுகிறவர்கள் வேறு எங்கேயும் இருக்கமாட்டார்கள்.

துண்டுகளை அறுத்துக் கொடுத்தவர் எங்கள் குழுவிலேயே மூத்தவர். ரயில்வே பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற நாங்களெல்லாம் புதிரை வாங்குகிறவர்கள், அவர் செய்கிறவர். அவர் கடைசியாகச் செய்தது ஒரு பெட்டி. சின்ன ரேடியோ அளவு இருக்கும். செங்கால் என்கிற கனமான காட்டு மரம். ஆணி இல்லை, கீல் இல்லை. ஒரு பலகையை நகர்த்தினால் இன்னொன்று நகரும். அதற்குப் பிறகு பெட்டியைச் சாய்க்க வேண்டும், உள்ளே எங்கேயோ ஒரு முளை விழும், அப்புறம்தான் மூன்றாவது பலகை அசையும். இப்படி எத்தனை படி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே ஒன்றுமில்லை, காற்றுதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியவர் ஒருவர்தான். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். புறநகர் கம்யூட்டர் ரயிலேறிக் கூட்டத்துக்கு வருவார், தொழுகை நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போவார், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்குவார். பெரியவருக்குச் சிறுநீரகம் போய் டயாலிசிஸ் ஆரம்பித்ததும், பாய் வாரத்தில் ஒரு நாள் கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு டயாலிசிஸ் நிலையத்துக்கே வர ஆரம்பித்தார். பெரியவரின் ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும், அந்தக் கையை அசைக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சக்கர மேசையில் பெட்டி இருக்கும். பாய் அதைத் திருப்பிக்கொண்டேயிருப்பார், பெரியவர் பார்த்துக்கொண்டேயிருப்பார். சரியான படியைக் கடந்தால் மட்டும் பெரியவர் கண்ணை மூடிக்கொள்வார். தப்பாகப் போனால் சிரிப்பார்.

நான் போயிருந்த ஒரு நாள் பாய் பொறுமையிழந்து கேட்டார்.

"அண்ணே, ஒரே ஒரு க்ளூ குடுங்கலா."

"குடுத்தா முடிச்சிருவே. முடிச்சிட்டா அடுத்த வாரம் எதுக்கு வருவே?"

"உங்களைப் பாக்க வருவேன்."

"என்னைப் பாக்க என்ன இருக்கு? பெட்டியைப் பாரு."

பக்கத்து நாற்காலியில் ஊசியோடு கிடந்த சீனப் பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ.

பெரியவர் போய்ச் சேர்ந்தபோது பாய் கடைசிப் படிக்கு வந்திருந்ததாக நம்பினார். எல்லாப் பலகையும் நகர்ந்துவிட்டது, ஒன்றே ஒன்று பாக்கி என்று சவ அடக்கத்தன்றுதான் என்னிடம் சொன்னார். பெரியவரிடம் அதைச் சொல்ல, அடுத்த வாரம் என்று ஒன்று வரவில்லை. விடை எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. பெரியவர் வரைபடம் போடுகிற ஆள் இல்லை. ஆக, அந்தப் பெட்டிக்குள் போகும் வழி உலகத்தில் ஒரு கிள்ளான் துணிக்கடைக்காரரின் கைகளில் மட்டும், அதுவும் முக்கால்வாசிதான் மிச்சமிருந்தது.

கருமாதி முடிந்ததும் பெரியவரின் மனைவி வீட்டிலிருந்த புதிர்களை எல்லாம் குழுவுக்கு அனுப்பிவிட்டார். நான் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நன்றியோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதினேன். அடுத்த நாள் அவர் போன் செய்தார்.

அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வூதியம் வாங்குகிற என்னைத் தம்பி என்று கூப்பிட மிச்சமிருப்பவர்களில் அவர் ஒருவர். அந்தச் செங்கால் பெட்டியை மட்டும் பாயிடம் கொடுத்துவிடச் சொன்னார். இவ்வளவு நாள் கூடவே உட்கார்ந்திருந்த பிள்ளை, முடித்துப் பார்க்கட்டும் என்றார். நான் விதியைச் சொன்னேன். குழு ஏற்றுக்கொண்ட பிறகு அது குழுவின் பொருள். கொடுத்தவரேகூட இது இன்னாருக்கு என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் கேட்பார்கள், பழைய சண்டை திரும்பி வரும். அதற்குள் சுபாங்கில் இருக்கும் எங்கள் குழுவின் பல் டாக்டர், குலுக்கல் எப்போது என்று வாட்ஸ்அப்பில் கேட்டும்விட்டிருந்தார்.

அண்ணி, "சரி தம்பி, உங்களுக்குத் தெரியாததா," என்று வைத்துவிட்டார்.

வழி இருந்தது. பொதுக்கூட்டம் கூட்டி, ஒரு பொருளுக்கு மட்டும் சிறப்புத் தீர்மானம் போட்டிருக்கலாம். எல்லா வழியும் எனக்குத் தெரியும். பெட்டாலிங் ஜெயா ஆட்கள் கேள்விப்பட்டால் சிரிப்பார்களே என்பதுதான் அப்போது என் மண்டையில் இருந்தது.

பாய்க்கும் ஒரு சங்கடம் இருந்தது. அது வேறு மாதிரி. குலுக்கல் சூதாட்டம் ஆகிவிடுமோ என்று பயந்தார். யாரும் எதுவும் கட்டவில்லை, யாருக்கும் நட்டமில்லை, தானமாக வந்த ஒன்றை யாருக்கு என்று முடிவு செய்கிறோம், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் பள்ளிவாசலில் தன் உஸ்தாதிடம் போய்க் கேட்டார். பங்கு பிரிக்கச் சீட்டுப் போடலாம், ஆனால் எடுக்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும், எடுப்பவருக்கு எது யாருடையது என்று தெரியக் கூடாது என்று உஸ்தாத் சொன்னாராம். அரசாங்க டெண்டர் விதியை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கையைப் பற்றிக் கவலை வேண்டாம், அது என் பொறுப்பு என்று பாயிடம் சொன்னேன்.

வழக்கமாகப் பையில் கைவிடுவது நான்தான். அன்று கூட்டத்தில் யாரோ, பெரியவர் செய்த பெட்டியாயிற்றே, அவர் வீட்டம்மாவே எடுக்கட்டுமே என்றார்கள். மரியாதையான யோசனை. நான் மனதுக்குள் சரிபார்த்தேன்: அவர் உறுப்பினர் இல்லை, பையில் அவருக்குத் துண்டு இல்லை, எது வந்தாலும் அவருக்கு லாபமில்லை. தகுதியான கை. ஒப்புக்கொண்டேன்.

என் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. எல்லார் முன்னாலும் ஒவ்வொரு துண்டையும் அளவுக் கருவியில் வைத்துக் காட்டினேன். ஒரே நீளம், ஒரே தடிமன். கறுப்பு வெல்வெட் பை, உள்ளே இன்னொரு துணி. இரண்டு சாட்சிகள். பல் டாக்டர் கைப்பேசியில் படம் பிடித்தார். பாய் முன் வரிசையில், மடியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணி கையை உள்ளே விட்டார். குலுக்கலில் கைவிடுகிறவர்கள் சட்டென்று ஒன்றைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். அவர் கை உள்ளே சுற்றியது. நின்றது. மறுபடி கொஞ்சம் நகர்ந்து நின்றது. சாமி கும்பிட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். எடுத்த துண்டை அவர் திருப்பிப் பார்க்கவேயில்லை. அப்படியே என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். பாயின் பெயர்.

மாடி முழுக்கக் கைதட்டல். பல் டாக்டரும் தட்டினார். பாய் இரண்டு கைகளாலும் பெட்டியை வாங்கிக்கொண்டு, சத்தம் வராமல் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நன்றாக முடிந்தது என்று எனக்கும் ஒரு நிம்மதி. விதிப்படியும் நடந்தது, நடக்க வேண்டியதும் நடந்தது. என் வேலைக்காலத்தில் இரண்டும் சேர்ந்து வந்து நான் பார்த்ததில்லை.

எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். நான் துண்டுகளை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். பாயின் துண்டு கையில் வந்தபோது கட்டை விரல் வழுக்கியது. அது அவருடைய அப்பா காலத்துக் கஜக்கோலிலிருந்து அறுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். சேர்ந்த அன்று பெருமையாகச் சொல்லியிருந்தார். எத்தனையோ வருடம் துணி உரசி உரசி அதன் ஒரு பக்கம் கண்ணாடி போலாகியிருந்தது. நான் அதைப் பைக்குள் போட்டு, நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டேன். முதல் தடவையிலேயே வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி வந்தது.

அளவுக் கருவி நீளத்தையும் தடிமனையும்தான் சொல்லும். குழுவில் எல்லாரும் மரத்தோடு பழகியவர்கள். இரும்புபோல் கனக்கும் மரம் எது, பஞ்சுபோல் இருக்கும் ரப்பர் மரம் எது என்று விரலால் சொல்லுகிறவர்கள். ஆளுக்கொரு மரத்தைப் பையில் போட்டு, அதைக் குருட்டுக் குலுக்கல் என்று இத்தனை காலம் நடத்தியிருக்கிறோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. காகிதம் கேவலமல்லவா.

கீழே இலை போட்டிருந்தார்கள். நான் உட்காராமல் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணி சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வந்தார். எப்படிக் கேட்பது என்று யோசித்து, கடைசியில் நேராகவே கேட்டேன். தெரிந்துதான் எடுத்தீர்களா.

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கட்டைங்களை அறுத்ததுதான் அவரு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு எண்ணெய் பூசினது நான், தம்பி. ஒவ்வொண்ணும் என் கை பட்டதுதானே. தெரியாம எப்படி இருக்கும்?"

"அண்ணி, அது குலுக்கல். தெரியாமதான் எடுக்கணும்."

"நான் என்ன எனக்கா எடுத்துக்கிட்டேன்?"

"கொடுக்கணும்னா நேரா கொடுத்திருக்கணும்."

"நேரா குடுக்கத்தானே போன் போட்டேன். நீங்கதானே பையில கைவிட்டு எடுக்கணும்னு சொன்னீங்க. கைவிட்டேன், எடுத்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "போய்ச் சாப்பிடுங்க தம்பி, ரசம் ஆறிடும்," என்றார்.

நான் சாப்பிட்டேன். பாய் எதிரே உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கீழே வைக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டார்.

அந்த வாரம் முழுவதும் நான் எனக்கே ஒரு கோப்பு எழுதிக்கொண்டிருந்தேன், மண்டைக்குள். விதி மீறப்பட்டதா? விதியில் எல்லாருக்கும் பொதுவான குலுக்கலில் போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. எடுப்பவரின் விரல்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்று இல்லை. யாராவது புகார் கொடுத்தார்களா? இல்லை. பாதிக்கப்பட்டவர் யார்? பெட்டி போயிருக்க வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. நடவடிக்கை தேவையில்லை என்று எழுதி மூடிவிடலாம். இதைவிட மோசமான கோப்புகளை நான் மூடியிருக்கிறேன், நல்ல நடையில்.

பாய் போன் செய்து, முடிந்தால் கடைப்பக்கம் வாங்க என்றார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நடைபாதை எல்லாம் கூடாரம், முறுக்கும் வளையலும் பாட்டுச் சத்தமும். அவர் கடைக்குள்ளும் கூட்டம். என்னைப் பார்த்ததும் தம்பியைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் துணி அடுக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். தே தாரிக் டீ வரவழைத்தார். அலமாரியின் மேல் தட்டில், மடித்த பருத்தித் துணிக்கு மேல் பெட்டி பக்கவாட்டில் படுத்திருந்தது. அது அப்படித்தான் படுத்திருக்க வேண்டும், நிமிர்த்தினால் உள்ளே முளை விழுந்து எல்லாம் முதலிலிருந்து ஆகிவிடும் என்றார். பெரியவர் போன நாளிலிருந்து அண்ணி அதை அப்படியேதான் வைத்திருந்தாராம். குழுவுக்கு அனுப்பும்போதுகூடப் படுத்த வாக்கிலேயே கட்டி அனுப்பினாராம், நானும் நல்லவேளையாக நிமிர்த்தவில்லை.

"இன்னும் தொடலைண்ணே," என்றார்.

ஏன் என்று கேட்கத் தெம்பில்லை எனக்கு. அவரே சொன்னார்.

"அண்ணி கை பையில நின்னுச்சு, பாத்தீங்களா? நான் சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். பட்டு தேடறவங்க கை, குவியலுக்குள்ள போய், அது பட்டுன்னு தெரிஞ்சதும் ஒரு நிமிசம் நிக்கும். அப்படி நின்னுச்சு." பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அது என் மனசுல பட்டதா இருக்கலாம். நீங்க சொல்லுங்க. நேரா வந்துச்சுன்னு நீங்க சொன்னா இன்னிக்கே உக்காந்துருவேன்."

நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "எந்த விதியும் மீறலை பாய்."

அவர் என்னையே பார்த்தார். "அதை நான் கேக்கலைண்ணே."

பொய் சொல்ல வராதவன் அல்ல நான். ஆனால் கையைப் பற்றி அவரிடம் முன்பே வாக்குக் கொடுத்தவன் நான். உஸ்தாத் சொன்னதைக் கேட்டு நான் கொடுத்த அந்த வாக்கின் மேல்தான் அவர் முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். சொன்னேன். கஜக்கோல் துண்டை, உப்புத்தாளை, கை கழுவும் இடத்தில் பேசியதை, எல்லாவற்றையும். முன்கடையில் யாரோ, இந்தக் கலரில் வேற பார்டர் இருக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாய் கேட்டு முடித்துவிட்டு, அண்ணியைத் தப்பாகச் சொல்லாதீர்கள், யாரிடமும் பேர் எடுக்காதீர்கள் என்றார். பிறகு ஒரு புடவைப் பெட்டியைக் காலி செய்து, துணி மடித்து வைத்து, பெட்டியைப் படுத்த வாக்கிலேயே அதில் இறக்கி, என்னிடம் கொடுத்தார்.

ஒருநாள் வைத்து முடித்துவிட்டுத்தான் கொடுங்களேன் என்றேன். இது நான் பேசுகிற பேச்சா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"என்னுது இல்லாததை எப்படிண்ணே திறக்கறது," என்றார்.

ரயிலில் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் அதை மடியில் ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது குலுக்கலில் எல்லாம் காகிதம். ஒரே தாளில் வெட்டி, ஒரே மாதிரி மடித்து, கீழே சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் எடுக்கும் பங்களாதேஷ் இளைஞரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. முதல் குலுக்கலில் துண்டுகள் தொட்டால் அடையாளம் தெரிகின்றன, அதனால் ரத்து என்று மட்டும் காரணம் சொன்னேன். பாயின் பெயரையும் சீட்டில் போட்டேன், அவர் வரவில்லை என்றாலும். அண்ணியும் வரவில்லை. இவ்வளவு சுத்தமான குலுக்கலை நான் வாழ்க்கையில் நடத்தியதில்லை. பல் டாக்டருக்கு விழுந்தது.

டாக்டர் கெட்டவர் அல்ல. எங்கள் குழுவில் இரண்டு வகை உண்டு: திறக்கிறவர்கள், வைத்திருக்கிறவர்கள். அவர் வைத்திருக்கிற வகை. நான் அவரிடம் போய், பாய் ஒருமுறை வந்து இதை முடித்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"அங்கிள், செஞ்சவர் தவிர யாருமே திறக்காத பெட்டி இது. அதுதான் இதோட அழகு. ஒரு தடவை திறந்துட்டா அப்புறம் சாதா பெட்டிலா. அவரை வந்து பாக்கச் சொல்லுங்க, எப்ப வேணாலும்."

வெற்றி பெற்றவருக்கு முழு உரிமை, நிபந்தனை எதுவும் கிடையாது. அந்த வாசகமும் என்னுடையதுதான்.

பாயிடம் சொன்னபோது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரில் போனோம். வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் குட்டி விளக்கு. டாக்டர் ஆசையாக ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். நடுத்தட்டில் செங்கால் பெட்டி. மரத்தின் ரேகை நன்றாகத் தெரியும்படி, நேராக நிமிர்த்தி வைத்திருந்தார். பலகைகளைக்கூட அழுத்தி ஒழுங்காகச் சேர்த்திருந்தார்.

பாய் கண்ணாடிக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாய், இதுல எவ்வளவு தூரம் போனீங்க?" என்று டாக்டர் கேட்டார். உடனே, "வேணாம் வேணாம், சொல்லாதீங்க, எனக்குத் தெரிய வேணாம்," என்று சிரித்தார்.

"சொல்லமாட்டேன் டாக்டர்," என்றார் பாய். டாக்டரின் மனைவி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். அலமாரி நன்றாக இருக்கிறது, மரத்துக்கு இந்த ஏர்கான் நல்லது என்றும் சொன்னார்.

நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்தது. எங்கேயோ விபத்து. நான்தான் ஆரம்பித்தேன். கொடுக்கும்போது சொல்லத் தவறிவிட்டேன், டாக்டரிடம் பேசுகிறேன், அதைப் படுக்க வைக்கவாவது சொல்கிறேன் என்றேன்.

"இனிமே படுத்தா என்ன, நின்னா என்னண்ணே. முளை விழுந்துருச்சு. முதல்லேர்ந்து செய்யணும்."

"மறுபடி செய்ய முடியுமா, கிடைச்சா?"

அவர் மடியில் விரல்கள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தள்ளி, ஒன்றைப் பிடித்து, மணிக்கட்டைச் சாய்த்து. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டன.

"நடுவுல ஒரு எடம், அவரு கண்ணை மூடினதைப் பாத்துதான் சரின்னு தெரிஞ்சுக்கிட்டேன்," என்றார். "ஏன் சரின்னு எனக்குத் தெரியாது. அவரு மூஞ்சி இல்லாம அந்த எடத்தைத் தாண்ட முடியுமான்னு தெரியலைண்ணே."

சுங்கச் சாவடியைத் தாண்டியதும், கிள்ளான் வரை வர வேண்டாம், வழியில் ஏதாவது கம்யூட்டர் ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொன்னார். கடைக்கே கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, இல்லை, ரயிலில் போய்க்கொள்கிறேன் என்றார். இறக்கிவிட்டேன். பின்னால் லோரி ஹார்ன் அடித்ததால் அவர் படியேறுவது வரை நிற்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் எனக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். நேர்மைக்கு எடுத்துக்காட்டு என்று அதில் ஒரு வரி. குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டியவனும் நான்தான், எழுதிக்கொண்டேன். அண்ணிக்குப் போன் செய்தேன். எடுத்தார். பாய்க்கு விழவில்லை என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. டாக்டர் வீட்டில் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

நன்றாக வைத்திருக்கிறார்கள் அண்ணி, கண்ணாடி அலமாரியில், விளக்குப் போட்டு, என்றேன்.

"படுக்க வச்சுதானே?"

ஆமாம் என்றேன்.